எழுதக் கற்பிப்பவருக்கு யார் கற்பித்தார்கள்? ஆங்கிலம் கற்கும் அகதியும் அவரது ஆசிரியரும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

ஸ்பிரிங்வேல், நோபிள் பார்க், டண்டினோங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவர் பலருக்கு விபத்து அறிக்கைப் படிவம் பழக்கமான ஒன்று. பெயர், திகதி, நேரம், வேலைப் பகுதி என்று மேலே சிறு சிறு பெட்டிகள் இருக்கும். கீழே அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். என்ன நடந்தது என்று விபரிக்கும்படி அதன் தலைப்பில் ஒரு வரி மட்டும் சொல்லும். சிறு பெட்டிகளை எப்படியோ நிரப்பிவிடுகிறோம். அந்த அரைப் பக்கத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னோடு பின்னேர வேலையில் நின்ற வியட்நாமிய நண்பர் ஒருவரின் இரண்டு விரல்கள் பெல்ற்றில் அகப்பட்டு நசிந்தன. அவர் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல். தேநீர் இடைவேளையில் ஆங்கிலத்தில் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பவர். கையில் கட்டோடு அவர் படிவத்தை என்னிடம் கொண்டு வந்தார். நான் ஊரில் படிப்பித்தவன் என்று அவருக்குத் தெரியும். அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய இதுதான்: அன்று மூன்று மணிக்கு வேலைக்கு வந்தேன், பெல்ற் நின்றது, பார்க்கப் போனேன், கையை வைத்தேன், பெல்ற் ஓடியது, விரல் நசிந்தது, மிகவும் நொந்தது, உதவி செய்தவர்களுக்கு நன்றி.

நான் என்ன செய்தேன்? காலப் பிழைகளைத் திருத்தினேன். விடுபட்ட முன்னிடைச் சொற்களைச் சேர்த்தேன். அழகாகத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். படிவம் போயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம், கையை வைத்ததாக அவரே எழுதியுள்ளார் என்று பதில் வந்தது. பெல்ற்றின் பாதுகாப்பு மூடி இரண்டு வாரமாகக் கழற்றப்பட்டுக் கிடந்ததையும், அதை அவர் இரண்டு தடவை வாயால் முறையிட்டதையும், பெல்ற் நின்றால் மெஷினை நிறுத்தாமலே இழுத்துவிடும்படி சொல்லப்பட்டிருந்ததையும் அவர் தேநீர் மேசையில் எனக்கு விபரமாகச் சொல்லியிருந்தார். கடதாசியில் அவற்றில் ஒன்றுமே இல்லை. இலக்கணப் பிழை சிறிதும் இல்லாத, ஆனால் எதற்கும் உதவாத ஓர் எழுத்தை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து செய்து முடித்திருந்தோம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பதினொரு வருடங்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த எனக்கே அந்த எழுத்தின் குறை கண்ணில் படவில்லை. பிழை திருத்த எனக்குப் பயிற்சி இருந்தது. எழுதக் கற்பிக்கப் பயிற்சி இருக்கவில்லை. இது என் ஒருவனின் குறையா, அல்லது ஆங்கிலம் கற்பித்தல் என்ற தொழிலின் வரலாற்றிலேயே உள்ள குறையா என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

2

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அவுஸ்திரேலிய அரசு ஐரோப்பிய அகதி முகாம்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது. 1947 டிசம்பரில் விக்டோரிய எல்லையில், ஒரு பழைய இராணுவ முகாமில், பொனிகில்லா வரவேற்பு நிலையம் இயங்க ஆரம்பித்தது. 1971இல் மூடப்படும் வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனூடாகச் சென்றனர். இடம்பெயர்ந்தோராக வந்தவர்கள் அரசு காட்டும் இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்திருந்தனர். 1948இலிருந்து அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் திட்டமும் உருவாயிற்று. கப்பலில் வகுப்பு, முகாமில் வகுப்பு, வானொலிப் பாடம், தபால் பாடம் என்று அது விரிந்தது. இன்றுவரை தொடரும் வளர்ந்த குடிவரவாளருக்கான ஆங்கிலத் திட்டத்தின் தொடக்கம் அதுதான்.

அந்த வகுப்புகளின் முறை வாய்மொழி முறை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தினூடாகவே கற்பிக்க வேண்டும், முதலில் கேட்டுப் பேச வேண்டும், வாயில் படிந்ததைப் பின்னர் எழுத வேண்டும். சிட்னியில் பொதுநலவாயக் கல்வி அலுவலகத்தில் ஜோர்ஜ் பிற்மனும் சகாக்களும் இம்முறையை ஒழுங்குபடுத்தினர். அவர்களது உழைப்பு 1965இல் ‘சிற்றுவேஷனல் இங்கிலிஷ்’ என்ற பாடநூலாக வெளிவந்தது. ஆசிரியர் கதவைத் திறந்தபடி ‘கதவைத் திறக்கிறேன்’ என்பார், வகுப்பு திருப்பிச் சொல்லும். எழுத்து என்பது ஏற்கெனவே சொன்ன வாக்கியத்தைக் கொப்பியில் இறக்குவது.

இதே காலத்தில் இதே போன்றதொரு முயற்சி தமிழ்நாட்டிலும் நடந்தது என்பது எம்மவர் பலர் அறியாதது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஆங்கில ஆசிரியர்களை மீளப் பயிற்றும் இயக்கம் ஒன்று தொடங்கிற்று. சிலரைப் பயிற்ற வேண்டும், அவர்கள் வேறு சிலரைப் பயிற்ற வேண்டும், அவர்கள் கிராமத்து ஆசிரியர்களைப் பயிற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தைப் போல என்பதால், பனியையே காணாத அந்த மாநிலத்தில் அதற்குச் ‘சென்னைப் பனிப்பந்து’ என்று பெயர் விழுந்தது. அது பற்றி 1962இல் டி. ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே எண் இருக்கிறது: 27,000 ஆசிரியர்கள்.

இருபத்தேழாயிரம் பேருக்குப் பயிற்றப்பட்டது என்ன? ஆங்கில வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, செயலோடும் பொருளோடும் காட்டிச் சொல்ல வைக்கும் அமைப்புமுறை. ஆரம்ப வகுப்புகளுக்கு அது பயன்பட்டிருக்கலாம். ஆனால் பனிப்பந்து உருண்டு கடைசி ஆசிரியரிடம் வரும்போது அவர் கையில் மிஞ்சக்கூடியது வாக்கியப் பட்டியல் மட்டுமே. ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோடு சேர்த்து, ஒரு நோக்கத்துக்காக, முன்னால் இல்லாத ஒருவருக்குச் சொல்லும் வித்தை அந்தப் பந்துக்குள் வைக்கப்படவில்லை.

எமது ஊர் வகுப்பறைகளும் இதற்கு விலக்கல்ல. வாக்கியம் படித்தோம், பிறகு ஒரு நாள் திடீரென்று ‘பசுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுக’ என்றார்கள். இடையில் இருந்த பாலம் எங்கே? ரியூஷன் வாத்தியார் தந்த மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ததுதான் பாலம். பரீட்சையில் பசு வராமல் நாய் வந்தால் பசுவைக் கொண்டுபோய் நாயோடு கட்டிய மாணவரும் உண்டு.

3

இனி ஸ்பிரிங்வேலுக்கு வருவோம். வெஸ்டோல் வீதியில் 1970இல் என்ரர்பிறைஸ் குடிவரவாளர் விடுதி திறக்கப்பட்டது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்த பின்னர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் அகதிகள் அங்கே வந்திறங்கினர். இன்று ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்கு இருக்கும் முகம் அந்த வருகையால் அமைந்தது. விடுதி 1992இல் மூடப்பட்டது. பக்கத்து டண்டினோங்கில் 1950களில் எழுந்த பெருந்தொழிற்சாலைகளும் அவற்றைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளும் வந்தவர்களை உள்வாங்கிக்கொண்டன. ஆங்கிலம் அதிகம் வேண்டாத வேலை என்பது முதலாளிக்கும் வசதி, வந்தவருக்கும் அவசரத்துக்கு வசதி.

1978இல் வெளிவந்த கல்பலி அறிக்கை, வந்தவுடன் கற்பிக்கும் ஆங்கில வகுப்புகளை விரிவாக்கப் பரிந்துரைத்தது. அக்காலத்தில் முறையும் மாறிக்கொண்டிருந்தது. வாக்கியப் பயிற்சி போய், தொடர்பாடல் முறை வந்தது. வைத்தியரிடம் நேரம் கேட்பது, கடையில் பொருள் மாற்றுவது, வாடகை வீடு விசாரிப்பது என்று வாழ்க்கைக்கு வேண்டிய பேச்சுகள் வகுப்புக்கு வந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் எழுத்து இங்கும் கடைசி வாங்கில்தான் இருந்தது. படிவம் நிரப்புதல், சிறு குறிப்பு, நன்றிக் கடிதம் ஆகியவற்றுக்கு அப்பால் அது அதிகம் போகவில்லை.

அகதிகளின் பிள்ளைகள் போன பாடசாலைகளில் வேறொரு காற்று வீசியது. 1980இல் சிட்னியில் நடந்த ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய சர்வதேச மகாநாட்டுக்கு அமெரிக்காவின் டொனால்ட் கிறேவ்ஸ் வந்தார். பிள்ளை தானே விடயத்தைத் தெரிந்து, தன் குரலில் எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, வெளியிட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய செயன்முறை எழுத்து. ஆசிரியர் அதிகாரியாக நில்லாமல் வாசகராக நிற்க வேண்டும். பசுக் கட்டுரையில் வளர்ந்த எமக்கு இது விடுதலையாகவே தோன்றும். அவுஸ்திரேலிய ஆசிரியர்களும் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டில் ஆங்கிலப் புத்தகமும் பத்திரிகையும் புழங்கும் பிள்ளை தன் குரலில் எழுதும்போது, அந்த எழுத்துகளின் வடிவங்கள் அதற்கு ஏற்கெனவே காதில் இருக்கின்றன. கம்போடிய முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு அவை எங்கிருந்து வரும்? ‘உனக்குத் தோன்றியதை எழுது’ என்பது ஒருவருக்குச் சுதந்திரமாகவும் மற்றவருக்குக் கைவிடப்படலாகவும் இருக்கலாம் அல்லவா?

4

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் சிட்னியில் இருந்தார்கள். மைக்கல் ஹலிடே 1976இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையை நிறுவினார். மொழியை விதிகளின் தொகுதியாகவன்றி, சமூகத்தில் காரியம் செய்யும் வளமாகப் பார்ப்பவர் அவர். 1979இல் அங்கே நடந்த செயலமர்வு ஒன்றை அடுத்து ஜிம் மார்ட்டினும் ஆசிரியப் பின்னணி கொண்ட ஜோன் றொதரியும், பாடசாலைப் பிள்ளைகள் உண்மையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஏராளமான பிள்ளைகளின் எழுத்துகளைச் சேகரித்து வகை பிரித்தார்கள்.

கண்டது என்ன? ஆரம்பப் பாடசாலையில் பெரும்பகுதி நடந்ததை வரிசையாகச் சொல்லும் எழுத்தும் கதையும்தான். மிருகக்காட்சிச்சாலைக்குப் போனோம், யானை பார்த்தோம், திரும்பி வந்தோம். ஒன்றைப் பற்றிய தகவல் அறிக்கை, ஒன்று எப்படி அல்லது ஏன் நிகழ்கிறது என்ற விளக்கம், ஒரு கருத்தை நிறுவும் வாதம் ஆகியவை அபூர்வம். விஞ்ஞானமும் வரலாறும் சட்டமும் அலுவலகமும் கேட்பது இந்த அபூர்வமானவற்றைத்தான். அவற்றை ஒருவரும் கற்பிப்பதில்லை, ஆனால் மேல் வகுப்பில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

அடுத்த கட்டம் ஆசிரியர்களைப் பயிற்றுவது. வசதி குறைந்த பாடசாலைகளுக்கென 1970களில் உருவான அரசுத் திட்டத்தின் சிட்னி கிழக்குப் பகுதியில், குடிவரவாளர் பிள்ளைகள் பெருமளவில் படித்த பாடசாலைகளில், இவ்வேலை 1980களின் நடுப்பகுதியிலிருந்து நடந்தது. 1988இல் கலகனும் றொதரியும் எழுதிய ஆசிரியர் கைநூல் அதன் விளைவு. விக்டோரியாவில் பிரான்சஸ் கிறிஸ்டியும் சகாக்களும் டீக்கின் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி ஆசிரியர்களுக்காக 1984இல் பிள்ளைகளின் எழுத்து பற்றிய பாடநெறியை ஆக்கினர். மார்ட்டினின் தகவல் எழுத்து பற்றிய சிறு நூலும் 1985இல் டீக்கின் ஊடாகவே வந்தது.

இந்தப் பயிற்சியில் ஆசிரியருக்குப் புதிதாக என்ன சொல்லப்பட்டது என்பதே முக்கியம். முதலாவது, பிழையைப் பார்க்குமுன் எழுத்தைப் பார். இது எதற்காக எழுதப்படுகிறது? யார் வாசிக்கப்போகிறார்? எந்தெந்தக் கட்டங்களாக நகர்கிறது? ஒவ்வொரு கட்டத்திலும் மொழி என்ன செய்கிறது? இரண்டாவது, வகுப்பில் மூன்று படிகள். நல்ல மாதிரி ஒன்றை எடுத்து அது எப்படி ஆக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோரும் பிரித்துப் பார்ப்பது முதலாம் படி. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பலகையில் புதிதாக ஒன்றை எழுதுவது இரண்டாம் படி. மாணவர் தனியே எழுதுவது மூன்றாம் படி.

நடுப்படிதான் உயிர். மாணவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதுகிறார். ஆனால் சும்மா எழுதுவதில்லை. இது முதலில் வரவேண்டுமா? வாசிப்பவருக்கு இது தெரியுமா? இந்தச் சொல்லை இன்னும் திட்டமாகச் சொல்லலாமா? அழிக்கிறார், மாற்றுகிறார், ஏன் மாற்றினார் என்று சொல்கிறார். எழுதுபவரின் தலைக்குள் நடப்பது பலகையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இதற்குச் சமாந்தரமாக, அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரின் ட்ரேகர் பார்க் பாடசாலையில் ஆதிக்குடிப் பிள்ளைகளோடு 1980களில் பிறையன் கிறே செய்த வேலையும் இச்சிந்தனைக்கு வலுச் சேர்த்தது.

எமக்கு இது அறவே அந்நியமா? விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறார். முதல் எழுத்துக்குக் கை பிடித்த நாம், முதல் பந்திக்கும் முதல் கட்டுரைக்கும் முதல் விண்ணப்பத்துக்கும் கையை விட்டுவிட்டோம்.

வளர்ந்தோர் வகுப்புகளுக்கும் இது வந்து சேர்ந்தது. மக்குவாரிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிலையத்தில் ஜெனி ஹமண்ட், ஆன் பேர்ன்ஸ் முதலியோர் 1992இல் வளர்ந்தோரின் எழுத்தறிவு ஆசிரியர்களுக்குக் கைநூல் ஒன்றைத் தந்தனர். ஆசிரியர்கள் தமது வகுப்பைத் தாமே ஆராயும் செயலாய்வு முறையை பேர்ன்ஸ் பரப்பினார். நியூ சவுத் வேல்ஸில் 1990களின் தொடக்கத்தில் உருவான, பேச்சு ஆங்கிலத்தோடு எழுத்து ஆங்கிலத்தையும் பெயரிலேயே கொண்ட சான்றிதழ்ப் பாடவிதானம் பின்னர் நாடளாவிய திட்டத்தில் பல ஆண்டுகள் பயன்பட்டது.

ஆனால் அதே 1992இல் சட்டம் திருத்தப்பட்டு ஒருவருக்கு உரிய வகுப்பு நேரம் 510 மணித்தியாலம் என வரையறுக்கப்பட்டது. கற்பிக்கும் வழி தெரிந்த வேளையில் நேரத்துக்கு எல்லை வந்தது. 2021இல்தான் அந்த எல்லை நீக்கப்பட்டது.

5

இம்முறைக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. வடிவத்தைக் கற்பிப்பது வார்ப்பில் ஊற்றுவதாகிவிடும், அறிமுகம், மூன்று பந்தி, முடிவு என்ற சூத்திரமாகிவிடும் என்று செயன்முறை எழுத்தை ஆதரித்தவர்கள் கூறினர். அவர்கள் பயந்தது பல இடங்களில் நடந்தும் இருக்கிறது. சரியாகப் பயிற்றப்படாத ஆசிரியரின் கையில் எந்த முறையும் பசுக் கட்டுரையாகத்தான் முடியும். சென்னைப் பனிப்பந்தின் பாடமும் அதுவே.

அதைவிட ஆழமானது அலன் லூக் 1996இல் எழுப்பிய ஐயம். அதிகாரமுள்ள எழுத்து வடிவங்களைக் கற்றுவிட்டால் அதிகாரம் வந்துவிடுமா? எழுதியவர் யார், நிறம் என்ன, பணம் என்ன, எந்த நிறுவனம் அதை வாசிக்கிறது என்பவற்றிலும் அல்லவா எழுத்தின் வலிமை தங்கியிருக்கிறது?

எமது மண்ணிலிருந்து எழுந்த குரலையும் இங்கு சேர்க்க வேண்டும். சுரேஷ் கனகராஜா 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1999இல் வெளிவந்த அவரது நூல் தன் மாணவர்களின் பாடநூல் ஓரங்களைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்க வாழ்க்கையைக் காட்டும் அந்தப் பாடநூலின் பக்க ஓரங்களில் மாணவர்கள் யுத்தமும் சினிமாவும் காதலுமாகத் தமது உலகத்தை எழுதியும் வரைந்தும் வைத்திருந்தார்கள். பாடத்தை வாயால் ஏற்று, ஓரத்தில் எதிர்த்தார்கள். 2002இல் வந்த அடுத்த நூலில், கடதாசிக்கே தட்டுப்பாடு நிலவிய யாழ்ப்பாணத்திலிருந்து மேலைத்தேய ஆய்வுச் சஞ்சிகைகளின் விதிப்படி எழுதி அனுப்புவதன் சிரமத்தைக் காட்டினார். அதாவது, எழுத்தின் விதி என்பது வெறும் மொழி விதி அல்ல. யாரிடம் கடதாசி இருக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். லூக்கின் ஐயம் சரியானது. ஆனால் அந்த ஐயத்தைச் சொல்லி வடிவத்தைக் கற்பிக்காமல் விடும் உரிமை, வடிவம் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு இல்லை. கதவு பூட்டியிருக்கலாம். அதற்காகத் திறப்பைக் கொடுக்காமல் விட முடியாது. அதே வேளை, திறப்பைக் கொடுத்துவிட்டுக் கதவு திறந்துவிட்டதாகச் சொல்லவும் முடியாது. ஓரத்தில் எழுதும் மாணவனுக்கு எழுதத் தெரியாது என்று நினைப்பது ஆசிரியரின் அறியாமை. அவனுக்கு எழுதத் தெரியும். பக்கத்தின் நடுவுக்கு வர வழி காட்டப்படவில்லை.

6

எம்மவர்களின் அண்மைக்கால வரலாற்றில் இது வெறும் கல்விப் பிரச்சினை அல்ல. 1999இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா அறிமுகமானபோது, அதைப் பெற்றவர்களுக்கு மேற்சொன்ன 510 மணித்தியால வகுப்பே மறுக்கப்பட்டது. பின்னர், 2012 ஆகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையில் படகில் வந்தவர்களுக்கு விரைவு நடைமுறை என்று ஒன்று வந்தது. அவர்களில் ஈழத்தமிழர் பலர். விண்ணப்பம் எழுத அரசு வழங்கிவந்த சட்ட உதவி 2014 மார்ச் இறுதியில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. நீண்ட ஆங்கிலப் படிவத்தை 2017 ஒக்டோபர் 1க்கு முன் ஒப்படைக்க வேண்டும் என்று தவணை விதிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டால் 2015இல் உருவான மீளாய்வு அமைப்பு பெரும்பாலும் ஆளைக் காணாமல் கடதாசியை மட்டுமே பார்க்கும். அதற்கு அனுப்பும் எழுத்து ஐந்து பக்கத்துக்கு மேற்படக் கூடாது. முதலில் எழுத மறந்ததைப் பின்னர் சேர்ப்பது மிகக் கடினம்.

அந்த அமைப்பு 2024 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. 2023இல் தற்காலிக விசா பெற்றிருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபோது, விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள்.

இந்தக் காலத்தில் நண்பர்கள் சிலரின் வாக்குமூலங்களை எழுத உதவியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். எம்மவர் எழுதிக்கொண்டு வந்தது அநேகமாக எப்போதும் நடந்ததை வரிசையாகச் சொல்லும் எழுத்து. பிறந்தது, படித்தது, இடம்பெயர்ந்தது, பிடிபட்டது, விடுபட்டது, படகேறியது. மார்ட்டினும் றொதரியும் சிட்னிப் பிள்ளைகளின் கொப்பிகளில் கண்ட அதே வடிவம். ஆனால் அகதி விண்ணப்பம் நடந்ததைச் சொல்லும் எழுத்து அல்ல. அது ஒரு வாதம். திரும்பிப் போனால் எனக்கு இன்ன காரணத்தால் இன்னாரால் ஆபத்து, அரசு என்னைக் காக்காது, நாட்டின் வேறு பகுதிக்குப் போயும் தப்ப முடியாது என்று நிறுவ வேண்டும். நடந்த சம்பவங்கள் அந்த வாதத்துக்குச் சான்றுகள். சான்றுகளை எல்லாம் கொட்டிவிட்டு வாதத்தை எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? வாசிக்கும் அதிகாரி அதைத் தானே ஊகித்துக்கொள்வார் என்று நம்பினோம்.

என் வியட்நாமிய நண்பரின் அரைப் பக்கமும் அதேதான். அவரிடம் கேட்கப்பட்டது கதை அல்ல, காரணம். படிவம் ‘என்ன நடந்தது’ என்று கேட்டது. ஆனால் வாசிக்கப்பட்டது ‘ஏன் நடந்தது, யார் பொறுப்பு’ என்பதற்காக. வெளிப்படையாகக் கேட்பது ஒன்றும் உண்மையில் எதிர்பார்ப்பது வேறொன்றுமாக இருக்கும் இந்த இடைவெளியைக் காணப் பழகுவதே எழுதக் கற்பிப்பவருக்கு வேண்டிய பயிற்சி.

7

இன்று கைத்தொலைபேசியே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறதே, இனி இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தொலைபேசி அன்று நான் செய்த வேலையை என்னைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் செய்யும். அந்த எட்டு வாக்கியங்களைக் கொடுத்தால் எட்டு அழகான வாக்கியங்களைத் தரும். மூடி கழற்றப்பட்டிருந்தது என்பது முக்கியம் என்று தெரிந்தவர்தான் அதை அதனிடமும் சொல்வார். எதைச் சொல்ல வேண்டும் என்ற அறிவுக்குக் குறுக்கு வழி இல்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? 1973இல் ஸ்பிரிங்வேலில் தொடங்கிய சமூகச் சட்ட நிலையத்தில் மொனாஷ் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் வசதியற்றவர்களோடு இருந்து அவர்களது காரியங்களை எழுதப் பழகினார்கள். உதவி பெற்றவருக்கும் பயன், எழுதப் பழகியவருக்கும் பயன். எம்மிடையே ஊரில் ஆசிரியர்களாக இருந்து இங்கே பெட்டி அடுக்குபவர்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள் பலர். இங்கே வளர்ந்து ஆசிரியப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழையவர்களுக்குச் சொல்ல வேண்டியது தெரியும். இளையவர்களுக்கு வடிவம் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பலகை, உண்மையான ஒரு படிவம் அல்லது கடிதம், பத்துப் பேர். முதலில் தமிழில் கதைத்து, எதை நிறுவ வேண்டும் என்று தீர்மானித்து, பிறகு ஆங்கிலத்தில் எல்லோருமாகச் சேர்ந்து எழுதிப் பார்க்கலாம். தனிநபர் விபரங்களை மாற்றிவிட்டுத்தான் பலகையில் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்களும் வந்து பார்க்கலாம். பிள்ளைகளிடம் தமிழ்க் கட்டுரை வாங்கும் முறையும் இன்னும் பசுக் கட்டுரை முறைதானே?

நண்பரின் விடயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரண்டாவது கடிதம் ஒன்றை நாங்கள் மூன்று மாலைகள் இருந்து எழுதினோம். இம்முறை நான் பேனாவை உடனே எடுக்கவில்லை, கேள்வி கேட்டேன். மூடி எப்போது கழற்றப்பட்டது, யாரிடம் முறையிட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று அவர் தானே ஒழுங்குபடுத்திச் சொன்னார். கடிதம் போய் ஒரு வாரத்தில் மூடி பூட்டப்பட்டது. விரல்களுக்கான இழப்பீட்டுக்கு ஒரு கடிதம் போதவில்லை; தொழிற்சங்கம் தலையிட வேண்டியிருந்தது, அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அவர் வைத்திருக்கிறார். பிறகு வேறொருவருக்குக் கை அடிபட்டபோது, படிவத்தை என்னிடம் கொண்டு வராமல் அவரிடமே கொண்டு போனார்கள்.

இவ்விடயத்தில் வேறு அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக ஆங்கில வகுப்புகளில் மாணவராகவோ ஆசிரியராகவோ இருந்தவர்கள், அடுத்த இதழில் எழுத வேண்டும். நான் சொன்னதில் பிழை இருந்தால் அதையும்.